ஏழு பக்கத்தில் ஒரு வலது கை

முப்பத்தெட்டு வயதில் ஒரு பெண் கல்லூரியில் சேர்ந்தால் நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசுவார்கள். மாத்திரை அக்காவின் விஷயத்தில் அந்த நாலு பேரில் மூன்று பேர் சொந்தக்காரர்கள். "இந்த வயசுல படம் வரையப் போறாளாம்" என்று அவர்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. படம் வரையத்தான் போனாள். அதற்கு முன்பே பத்தொன்பது வருஷமாக அவள் வரைந்துகொண்டிருந்தாள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. காகிதம் கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

மருந்துக் கடையில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற காகிதக் கவர் அது. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. காலையில் போட வேண்டிய மாத்திரை என்றால் கவரின் மூலையில் ஒரு சூரியன் தலை கலைந்து எட்டிப் பார்க்கும். மதியம் என்றால் அதே சூரியன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கும். இரவு மாத்திரைக்கு நிலா கொட்டாவி விடும். சாப்பாட்டுக்கு முன் என்றால் காலித் தட்டு. சாப்பாட்டுக்குப் பின் என்றால் தட்டுக்குப் பக்கத்தில் தொப்பையைத் தடவிக்கொண்டு ஒரு ஆள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆரம்பித்த வேலைதான். போகப் போகப் படித்தவர்களும் கவரைத் திருப்பிப் பார்த்து, "எனக்கு அந்தக் கொட்டாவி நிலா இல்லையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

கடை முதலாளிக்கு இது ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் எரிச்சல். வரிசை வாசல் தாண்டிப் போகும். "ஏம்மா, இவங்கள்லாம் காய்ச்சலுக்கு வந்தவங்களா, கண்காட்சிக்கு வந்தவங்களா?" என்று கேட்பார். அவள் தலை நிமிராமல், "ரெண்டுக்கும்தான் சார்" என்பாள்.

அந்தக் கவர்களில் முதல் சூரியனை வாங்கிப் போனவர் ஒரு லிப்ட் மெக்கானிக். அவள் கடையில் சேர்ந்த முதல் வருஷம். வேலைக்குப் புதிதாய் வந்த அவர், லிப்டின் இரும்புக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வலது கைச் சுட்டுவிரலைக் கொடுத்துவிட்டு, நகத்தோடு சேர்த்து மேல்கணு போய், கட்டோடு வந்து நின்றார். காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று மூன்று தடவை சொல்லியும் அவர் மண்டையில் ஏறவில்லை. வலி ஒரு காரணம். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு காரணம் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அவள் பேனாவை எடுத்து ஒரு சூரியன் போட்டாள். காயம் ஆறிய பிறகும் அவர் ஏதாவது ஒரு தலைவலியோடு கடைக்கு வந்துகொண்டிருந்தார். இரண்டு வருஷத்தில் கல்யாணம் ஆயிற்று.

லிப்ட்காரர் கலகலப்பான மனிதர். ஆனால் அந்த விரலில் மட்டும் அவருக்கு ஒரு கூச்சம். வெளி ஆட்கள் வந்தால் வலது கை தன்னால் பாக்கெட்டுக்குள் போய்விடும். கல்யாண போட்டோவிலிருந்து மகளின் பள்ளிக்கூட விழா போட்டோ வரை எதை எடுத்துப் பார்த்தாலும் மனிதர் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு ஏதோ சாவியைத் தேடுகிற மாதிரியே நிற்பார். வீட்டுக்குள் மட்டும் அந்தக் கைக்கு விடுதலை. மகளின் தலையைத் துவட்டும், மாவு பிசையும், ரிமோட்டுக்காகச் சண்டை போடும்.

அவளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டதும் அதே கைதான். ஓவியக் கல்லூரியின் லிப்டைப் பழுது பார்க்கப் போன இடத்தில், அறிவிப்புப் பலகையில் புத்தகச் சித்திரப் படிப்புக்கு வயது வரம்பு இல்லை என்று ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். படித்துவிட்டு வந்து வீட்டில் சொல்லுவது நல்ல பிள்ளைகள் செய்கிற வேலை. இவர் தாளையே கொண்டுவந்துவிட்டார்.

"நோட்டீஸையேவா பிய்ச்சுட்டு வந்தீங்க?"

"பிய்க்கல. நாலு குண்டூசிதான் குத்தியிருந்தாங்க. பதவிசா எடுத்தேன்."

"மத்தவங்க எப்படிப் படிப்பாங்க?"

"அவங்க எதுக்குப் படிக்கணும்? நீ சேர்ந்தா போதும்."

நேர்முகத் தேர்வில் அவள் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். பின்பக்கத்தில் கொட்டாவி நிலாவிலிருந்து தொப்பை ஆள் வரை இருபது படம் வரைந்திருந்தாள். எதிரே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்க வைத்தவளுக்கு இடம் கிடைத்தது.

மருந்துக் கடை முதலாளி மட்டும் சுலபத்தில் விடவில்லை. அவள் உட்கார்ந்து தேய்ந்த மர ஸ்டூலைக் காட்டிச் சொன்னார். "மூணு வருஷம் இதுல வேற ஆளை உட்கார வைக்க மாட்டேன். படிப்பு முடியறதுக்குள்ள வெளி ஆள் ஒருத்தராவது உன் படத்தை நம்பி அச்சுக்கு எடுத்தா, நீ ஜெயிச்ச. இல்லன்னா மறு திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு இங்க வந்து உட்காரணும். நிலா சூரியன்லாம் கிடையாது, வேலை மட்டும்தான்." அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். சொன்னால் சொன்னபடி செய்கிற ஜாதி அவள். அதனால் அந்த ஸ்டூல் மூன்று வருஷமும் அவள் மண்டைக்குள் ஒரு ஓரமாகக் கிடந்தது.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் இருபத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவளும் மரியாதைக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் அவள் கதை முழுவதும் வெளியே வந்து, 'மாத்திரை அக்கா' என்று பெயரும் வைத்தாயிற்று. பெயர் வைத்தவள் பக்கத்து மேசைப் பெண். அவளுக்கு ஏற்கனவே 'தூக்கம்' என்று பெயர் இருந்தது. பாடம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் கண்ணைச் சொருகிவிடுவாள், ஆனால் எழுந்ததும் அவள் போடுகிற ஒரு கோட்டுக்கு மற்றவர்கள் ஒரு வாரம் உழைக்க வேண்டும்.

பாடம் நடத்தியவர் பேனா சார். அக்காவைவிட ஆறு வயது சின்னவர். பென்சிலும் ரப்பரும் அவர் வகுப்பில் ஆகாது. "நேரா பேனாவுல போடுங்க. தப்பு வந்தா வரட்டும், தப்பு எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும்" என்பார். பத்தொன்பது வருஷம் கவரில் பேனாவால் வரைந்தவளுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. மற்ற பிள்ளைகள் மையைக் கொட்டித் திண்டாடியபோது அவள் முதல் மாதம் ராணி மாதிரி இருந்தாள்.

இரண்டாம் மாதம் வண்டவாளம் வெளியே வந்தது. அவளுக்குக் கை வரையத் தெரியாது. கவரில் வரைகிற ஆளுக்குக் கை என்றால் ஒரு கோடு, நுனியில் ஒரு உருண்டை. இங்கே அது செல்லுபடியாகவில்லை. அதனால் ஒளித்து வைக்க ஆரம்பித்தாள். அவள் படங்களில் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். மார்க்கெட்டுக்குப் போன பெண்களின் கைகளைக் கூடை மறைத்தது. மழையே பெய்யாத படத்தில்கூட ஒருவர் குடையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். கூடைக்கும் குடைக்கும் வழியில்லாத இடத்தில் ஒரு பூனை வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கல்லூரியில் வெள்ளிக்கிழமைக்குச் 'சுவர் நாள்' என்று பெயர். அந்த வாரம் வரைந்ததை எல்லாரும் சுவரில் குத்த வேண்டும். வகுப்பு முழுவதும் படத்துக்கு முன்னால் நின்று வாய்க்கு வந்ததைச் சொல்லும். படம் யாருடையதோ அவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. "நான் என்ன நினைச்சேன்னா" என்று ஆரம்பித்தால் பேனா சார் கதவைக் காட்டுவார். "புஸ்தகத்தை வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க போய் நின்னு விளக்கம் சொல்ல முடியாது. படமே பேசட்டும். நீங்க சும்மா இருங்க."

கவுண்டருக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம் வாயை மூடாமல் பேசியவள் இந்த விதியில் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் வருஷத்தில் மூன்று தடவை வராந்தாவில் நின்றிருக்கிறாள். பிறகு உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கப் பழகினாள். அப்படி ஒரு சுவர் நாளில்தான் பேனா சார் அவள் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க ஊர்ல யாருக்குமே கை கிடையாதா?" என்று கேட்டார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாள் முதல் தினமும் முப்பது கை என்று கணக்கு வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தாள்.

யார் கையை வரைவது? சும்மா இருந்தது அவளுடைய இடது கை ஒன்றுதான். பஸ்ஸில், சமையலறையில், துணி காய்கிற நேரத்தில் என்று இடது கையைக் கண்ணெதிரே நீட்டி வைத்து வலது கையால் வரைந்து தள்ளினாள். டம்ளரைப் பிடித்த கை, சாவியைத் திருப்புகிற கை, வெங்காயம் உரிக்கிற கை. இரண்டு வருஷத்தில் கைகளைப் பார்த்து அவளுக்கு இருந்த பயம் விட்டுப்போயிற்று. பூனைகளுக்கும் வேலை போயிற்று.

மூன்றாம் வருஷம் வந்தது. தூக்கத்துக்குப் படம் வரைய ஒரு காபிக் கடைச் சுவர் கிடைத்தது. முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேருக்குப் புத்தக அட்டைகள் கிடைத்தன. அக்கா நாலு பதிப்பகங்களுக்குப் படம் அனுப்பினாள். இரண்டு பதில் வரவில்லை. இரண்டு, "படங்கள் அருமை, தேவைப்படும்போது அழைக்கிறோம்" என்று வந்தன. அதற்கு அர்த்தம் என்ன என்று தெரியாத வயதா அவளுக்கு? படிப்பு முடிய மூன்று மாதம் இருந்தது. மருந்துக் கடை வழியாக பஸ் போகும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கடை முதலாளி ஸ்டூலைத் துடைத்து வைத்திருப்பதாக மகள் வேறு வந்து சொன்னாள். அவளுக்குப் பதினாறு வயது, அம்மாவை ஒரு பிள்ளையைப் போல நடத்துகிறவள். "அசைன்மென்ட் முடிச்சியாம்மா? முடிச்சுட்டு டிவி பாரு."

அந்த நேரத்தில்தான் கல்லூரிக்கு பிசியோ மேடம் வந்தார். கையில் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நிலையம் ஒன்றை நடத்துகிறவர். விரல்களை மடக்கவும் நீட்டவும் பன்னிரண்டு பயிற்சிகள். நோயாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒரு சின்னப் புத்தகமாக வேண்டும், அதே படங்கள் பெரிதாகச் சுவரிலும் வேண்டும். "பாத்து அப்படியே செய்யற மாதிரி இருக்கணும். அலங்காரம் வேண்டாம்" என்றார். பேனா சார் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களுக்குத்தான்" என்றார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கை வரையத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியவளுக்குப் பன்னிரண்டு பக்கமும் கை. மூன்று வாரம் ராப்பகலாக உழைத்து, கோடு ஒவ்வொன்றையும் அளந்து போட்டு, வெள்ளிக்கிழமை சுவரில் குத்திவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை காலை பிசியோ மேடத்திடம் கொடுக்க வேண்டும்.

எல்லாரும் பாராட்டினார்கள். நிழல் அருமை, மூட்டு அருமை, நகம்கூட அருமை. அவள் உச்சி குளிர்ந்து நின்றபோது தூக்கம் விழித்துக்கொண்டாள். சுவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த ஆளுக்கு ரெண்டும் இடது கை."

வகுப்பு முழுவதும் சுவரை நெருங்கி வந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கையைத் தூக்கிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உண்மைதான். பன்னிரண்டில் ஏழு பயிற்சிகளில், ஒரு கை இன்னொரு கையைப் பிடித்து விரலை மடக்கிவிட வேண்டும். அக்கா என்ன செய்திருந்தாள் என்றால், பிடிபடுகிற கைக்கு இடது கையை வைத்து வரைந்தாள். பிடிக்கிற கைக்கும் அதே இடது கையைத் திருப்பி வைத்து வரைந்தாள். வலது கைதான் பேனாவைப் பிடித்திருக்கிறதே, அது எங்கே போய் போஸ் கொடுக்கும்? இரண்டு வருஷம் இடது கையையே பார்த்துப் பார்த்து, கை என்றாலே அதுதான் என்று கண் முடிவு கட்டிவிட்டது.

பேனா சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் கவனிக்கல. திங்கக்கிழமைக்குள்ள ஏழு வலது கை வேணும். உசிரோட இருக்கற வலது கையா பாத்து வரைங்க. நேரா மேடம் நிலையத்துக்கே வந்துடுங்க, நானும் வர்றேன்." அன்றைக்குப் பேச அனுமதி வந்ததும் அக்கா ஏழு தாளையும் சுவரிலிருந்து கழற்றினாள்.

உயிரோடு இருக்கிற வலது கை வீட்டிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னல் பக்கத்து மேசையில் வெயில் விழுந்ததும் வேலை ஆரம்பமாயிற்று. அவளுடைய இடது கை மேசைமேல். அதைப் பிடிக்க வேண்டிய வலது கை ஒரே ஆளுடையது மாதிரி தெரிய வேண்டும் என்பதால், லிப்ட்காரர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, கையை முன்னால் நீட்டி அவள் விரல்களைப் பிடித்தார். அவர் முழங்கைக்கு அடியில் நுழைந்து அவள் வலது கை வரைந்தது. ஜிம்முக்குப் போகிறவர்கள்கூட இப்படி வளைய மாட்டார்கள்.

"கழுத்து வலிக்குது."

"கழுத்து படத்துல வராது. கை ஆடக் கூடாது."

"மூக்கு அரிக்குது."

"இன்னொரு கை இருக்குல்ல?"

"அதுலதான் பேப்பர் பறக்காம பிடிச்சிருக்கேன்."

மகள் அறைக்குள் வந்து இருவரையும் பார்த்தாள். "என்ன நடக்குது இங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அப்பாவின் மூக்கைச் சொறிந்துவிட்டுப் போனாள். இடையில் இரண்டு தடவை காபி, ஒரு தடவை சண்டை. சாயங்கால வெளிச்சம் போவதற்குள் ஏழு கையும் முடிந்தது. கண்ணுக்கு எதிரே இருந்ததை, இருந்தபடியே, ஒரு ரோமம் விடாமல் வரைந்திருந்தாள். இவ்வளவு நன்றாக அவள் எதையும் வரைந்ததில்லை. மை காய்ந்ததும் அடுக்கி உறையில் போட்டுவிட்டுத் திருப்தியாகப் படுத்தாள்.

திங்கட்கிழமை காலை பயிற்சி நிலையத்தில் பிசியோ மேடம் பன்னிரண்டு தாளையும் கட்டில்மேல் வரிசையாகப் பரப்பினார். பேனா சார் சுவரோரம் நின்றார். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், நாலாவது தாளில் நின்றார். ஐந்தாவதைப் பார்த்தார். மறுபடி நாலாவதுக்கு வந்தார்.

"இந்த வலது கைல ஏன் சுட்டுவிரல் குட்டையா இருக்கு? நகத்தையும் காணோம்?"

அக்கா குனிந்து பார்த்தாள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லிப்ட்காரர் கை அப்படியே இருந்தது, மேல்கணு இல்லாத விரலோடு. ஏழு பக்கத்திலும் ஏழு குட்டை விரல். ஒரு நாள் முழுவதும் அந்தக் கையை அங்குலம் அங்குலமாகப் பார்த்து வரைந்தவள் அவள். அந்த விரல் குறைந்த விரல் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. கட்டுப்போட்டு வந்த நாளில் அவளுக்குத் தெரிந்திருந்தது. கூடவே வாழ்ந்ததில் எப்போதோ மறந்துபோயிருந்தது.

மன்னிப்புக் கேட்க வாய் துடித்தது. 'தப்பு நடந்துடுச்சு மேடம், இன்னிக்கே மாத்திக் கொடுத்துடறேன்' என்று முழு வாக்கியமும் நாக்கில் தயாராக நின்றது. பேனா சாரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். மூன்று வருஷப் பழக்கம், உதடு பல்லுக்கு அடியில் போனது. கண்ணுக்குள் அந்த மர ஸ்டூல் நின்றது.

பிசியோ மேடம் நாலாவது தாளை எடுத்துக்கொண்டு வெளிக்கூடத்துக்குப் போனார். அங்கே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒரு தச்சர், இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருந்தது, மடியில் துண்டைப் போட்டு மூடியிருந்தார். மேடம் தாளை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கையை வெளியே எடுத்து, படத்தில் இருக்கிறபடி பிடித்து மடக்கிப் பார்த்தார்.

"இது யார் கைங்க?" என்று கேட்டார். "நம்ம ஆள் கை மாதிரி இருக்கே."

பக்கத்தில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். தாள் கை மாறிக் கை மாறிக் கூடத்தைச் சுற்றி வந்தது.

திரும்பி உள்ளே வந்த பிசியோ மேடம் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். "எங்ககிட்ட இருக்கற எல்லாப் படத்துலயும் கை முழுசா, பளபளன்னு இருக்கும். இவங்க அதைப் பாத்துட்டுத் தன் கையை ஒளிச்சு வெச்சுக்குவாங்க. உங்க படத்துல அடிபட்ட கைதான் இன்னொரு கையைத் தூக்கி விடுது. பதினஞ்சு வருஷமா இதைத்தான் வாயால சொல்லிட்டிருக்கேன், யாரும் நம்பல. எனக்கு இப்படியே வேணும். அஞ்சாம் பக்கத்துல மட்டும் கட்டைவிரல் நகம் கோணலா இருக்கு, அதைச் சரி பண்ணிடுங்க. புதன்கிழமை அச்சுக்குப் போகணும்."

பேச அனுமதி கிடைத்துவிட்டது. அவள் பேசினாள். "மேடம், கையோட சொந்தக்காரரைக் கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்."

பேனா சார் ஆச்சரியமாகப் பார்த்தார். மூன்று வருஷமாக அவள் காத்திருந்த வேலை அது என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் இருபத்தொரு வருஷம் பாக்கெட்டுக்குள் இருந்த கையை லிப்ட்காரரைக் கேட்காமல் சுவரில் மாட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் லிப்ட்காரர் முகம் கழுவிவிட்டு வந்ததும் தாள்களை மேசையில் வைத்தாள். அவர் நாலாவது தாளைப் பார்த்தார். வலது கை, வீட்டுக்குள்ளேயே, பாக்கெட்டைத் தேடியது.

"எதுக்கு இதை இப்படியே வரைஞ்ச?"

"எனக்குத் தெரியவே இல்லங்க. சத்தியமா. அவங்க கேட்டப்புறம்தான் பாத்தேன்."

"தெரியலையா? நாள் பூரா மூஞ்சிக்கு நேரா வெச்சிருந்தேன்."

"எனக்கு அது முழுக் கைதான். வேற மாதிரி எப்பவும் தோணல." அவள் தாள்களை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்களுக்கு வேண்டாம்னா நுனியைச் சேத்து வரைஞ்சு குடுத்துடறேன். அவங்க எடுத்தாலும் சரி, எடுக்கலன்னாலும் சரி. ஸ்டூல் ஒண்ணும் என்னைக் கடிச்சுடாது."

எப்போதும் வாயாடுகிற மனிதர் பேசாமல் சாப்பிட்டார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதிசயமாக, ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிசியோ மேடத்திடமிருந்து போன் வந்தது. "லிப்ட் செக் பண்ணணும்னு பையோட ஒருத்தர் வந்தார். எங்க லிப்ட் நல்லாத்தான் ஓடுது, நாங்க யாரையும் கூப்பிடல. ஒரு நிமிஷம்கூட லிப்டைப் பாக்கல. நாலாம் படத்துல ஒரு பிரதி எடுத்துத் தச்சர்கிட்ட பயிற்சிக்குக் குடுத்திருந்தேன், அதையே பாத்துட்டு நின்னுட்டிருந்தார். அப்புறம் தச்சர் பக்கத்துல உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார். ரெண்டு பேரும் கையை நீட்டி வெச்சு யாருக்கு எவ்வளவு போச்சுன்னு அளந்து பாத்துச் சிரிச்சுட்டிருந்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"பாத்த மாதிரி இருக்கு மேடம்" என்றாள் அக்கா.

சாயங்காலம் அவர் வந்தார். பையை மாட்டினார். தண்ணீர் குடித்தார். ஒன்றும் நடக்காத மாதிரி நாற்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு, வலது கையை மேசைமேல் வைத்தார்.

"அஞ்சாம் பக்கத்துல கட்டைவிரல் நகம் கோணலாமே. என் நகம் என்ன கோணலாவா இருக்கு? ஒழுங்கா பாத்து வரை."

அவள் அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆடுனா கோணலாத்தான் வரும்" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை படங்கள் அச்சுக்குப் போயின. அடுத்த வாரமே பிசியோ மேடம் முழங்காலுக்கும் ஒரு தொகுதி கேட்டார். "காலுக்கும் நான்தானா?" என்றார் லிப்ட்காரர், பேன்ட்டை மடக்கிக்கொண்டே. மருந்துக் கடை முதலாளி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து மர ஸ்டூல் ஒரு ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இறங்கியது. கூடவே ஒரு மாத்திரைக் கவர். மேலே அவரே ஒரு சூரியன் வரைந்திருந்தார், பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்டூல் இப்போது ஜன்னல் பக்கத்து மேசைக்கு முன்னால் கிடக்கிறது. மாடல்கள் உட்கார வசதியாக இருக்கிறது.

படிப்பு முடிந்து கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். அக்காவின் சுவரில் பன்னிரண்டு படமும் பெரிதாகத் தொங்கின. தச்சர் குடும்பத்தோடு வந்திருந்தார். சொந்தக்காரர்கள் மூன்று பேரும் வந்து, "அப்பவே எங்களுக்குத் தெரியும்" என்றார்கள். தூக்கம் அதிசயமாக விழித்திருந்து, எல்லாரையும் படத்துக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தாள்.

"மாமா, கையைப் பாக்கெட்ல விட்டுக்கங்க, ஸ்டைலா இருக்கும்."

"வேண்டாம்மா" என்றார் லிப்ட்காரர். "இது மாடல் கை." அதை எடுத்து மனைவியின் தோளில் வைத்துக்கொண்டார்.

அந்தப் போட்டோ இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதில் எல்லாருக்கும் கை தெரிகிறது.